முதுகிலிருந்து இறங்கிய குஞ்சுகள்

கண்ணு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் 'மீட்டிங் இருக்கும்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சிங்காநல்லூர் குளத்துக் கரையில் நானும் அப்பாவும் இப்போதெல்லாம் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். எல்லாம் ஒரு முக்குளிப்பான் குடும்பத்தால்.

நன்றாக வளர்ந்த பறவையே 200 கிராம்தான் இருக்கும், ஆனால் சாமர்த்தியத்தைப் பார்! பாசியும் தண்டும் குவித்து மிதக்கிற மாதிரி ஒரு கூடு. அடையிலிருக்கும்போது ஆள் அரவம் கேட்டால் நாலு தழையை முட்டைமேல் இழுத்துப் போட்டுவிட்டு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய்விடும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ குப்பை ஒதுங்கியிருப்பதாகத் தோன்றும்.

பொரிந்த குஞ்சுகளுக்கு நீந்தத் தெரியும், ஆனால் நீந்தாது. அம்மா முதுகில் ஏறி இறகுக்குள் புதைந்துகொண்டு, வரிவரியான தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சொகுசாகப் போகும். அப்பன் மீன் பிடித்து வந்து அலகருகே நீட்டும். குஞ்சு வாங்கும், நழுவவிடும், அப்பன் முங்கி அதே மீனை எடுத்து வந்து மறுபடி நீட்டும். மீனைத் தலைப்பக்கமாக விழுங்கினால்தான் துடுப்பு முள் தொண்டையில் குத்தாது என்பது அதற்குப் புரியவே சில நாள் பிடித்தது.

அப்புறம் முங்கப் பழகுகிற கூத்து. பெரிய பறவை இறகை உடம்போடு அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்படியே அமிழ்ந்துவிடும். குஞ்சு உடம்பு பூராவும் பஞ்சு மாதிரி தூவி, தலை உள்ளே போனாலும் பின்பக்கம் மேலேயே நிற்கும், காலை உதைத்து உதைத்து ஒருவழியாக உள்ளே போனால் போன வேகத்தில் வெளியே வந்து விழும். பருந்து மேலே வட்டமடித்தால் மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அம்மா ஒரு குரல் கொடுத்ததும் எல்லாம் ஆகாயத்தாமரைக்குள் மறைந்துவிடும்.

இப்போது முதுகில் ஏற வந்தால் அம்மாவே உதறிவிடுகிறது, அப்பன் கொத்தியே விரட்டுகிறது. அதுதான் சரி என்கிறார் உங்கப்பா. எனக்கு ஒப்பவில்லை, இன்னும் பத்து நாள் விட்டிருக்கலாம்.

அவர் இப்போது பெரிய லென்ஸ் வைத்த கேமரா வேண்டும் என்று உன்னிடம் கேட்பார். எந்த மாடல் என்று மட்டும் சொல்லிவிடாதே, மறுநாளே வாங்கிவிடுவார்.

அம்மா