காய்ச்சல் நோயாளிகள் பட்டியலில் ஒரு பத்தியை (நெடுவரிசையை)க் கூட்டுங்கள்

மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கும் ரந்தாவ் வட்டாரத் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த முறை தோட்டத்தில் காய்ச்சல் பரவும்போது, "நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள், இனிப் பேச்சில்லை" என்ற பதில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரக்கூடாது. அதன் விலை என்னவென்று நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணை ஊரான புக்கிட் பெலண்டோக் காட்டியிருக்கிறது.

1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கிய நோயை, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இருந்ததால், அந்த முடிவு ஆதாரமற்றதல்ல. கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். இதற்கிடையே, விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கு வந்துவிட்டது.

கணக்கு உதைத்தது பலருக்குத் தெரிந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த ஆண்கள். கொசு தொழில் கேட்டுக் கடிக்காது. ஆனாலும் பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்தார் தப்பினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் படுத்தார்கள். பன்றிகள் குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் அப்படி இருமாது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தார். வளர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாயின. அமெரிக்காவில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு குடும்பத்துக் கிருமி என்று தெளிந்தது: நிப்பா. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள்.

வாட்சாப்பில் வரும் "ஊசியே விஷம்" என்ற குரலை இதோடு சேர்க்காதீர்கள். நாங்கள் சொல்லும் மாற்றுக் கருத்துக்கு ஒரு சோதனை உண்டு. சோதனையில் தோற்றால் அந்தக் கருத்து விலகும்.

நாங்கள் கேட்பது இதுதான். பெயர்ப் பட்டியலில் வயது, காய்ச்சல் கண்ட நாள் ஆகியவற்றோடு வேலை, லய எண், தடுப்பூசி நாள், தொட்ட பிராணி, அது நோயுற்றதா என்பதையும் குறியுங்கள். இரத்தம் இருமுறை எடுங்கள்: வந்த அன்றும், 10 முதல் 14 நாள் கழித்தும். பழைய தொற்றோ புதிதாகப் போட்ட ஊசியோகூட எதிர்ப்பொருளைக் காட்டும். ஒற்றை மாதிரி ஏமாற்றுவது அதனால்தான். மாதிரியை 2 முதல் 8 டிகிரியில், மூன்றடுக்குப் பொதியில் அனுப்புங்கள். முழு இரத்தத்தைக் குளிரில் பனிக்கட்டியாக உறையவிட்டால் அணுக்கள் உடைந்து சோதனை கெடும். ஊசித் தவணை முடித்த இருவர் படுத்தால், வேறு கிருமிகளுக்கும் சோதியுங்கள்.

பட்டியலின் கடைசிப் பத்தியின் தலைப்பு "முடிவோடு பொருந்தாதவை" என்றிருக்கட்டும். தாதி, கால்நடைத்துறைப் பணியாளர், கங்காணி, யாரும் அதில் எழுதலாம். 48 மணி நேரத்தில் எழுத்தில் பதில் வேண்டும். "இன்னும் தெரியவில்லை" என்றாலும் கையெழுத்தோடு.

இப்படிக்கு,
சுகாதார, ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
ரந்தாவ்