வண்டலூர்ப் புலியை வண்டலூர்ப் புலி என்றே எழுதுங்கள்

சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் இயங்கும் ஒளிப்படக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும் போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை காட்டுயிர் வாரம் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நீங்கள் நடத்தும் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் சிங்கம், புலி, சிறுத்தைப் படங்களுக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கிறது. அவற்றில் பல வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் எடுக்கப்பட்டவை. இது உங்களுக்கும் தெரியும், படம் எடுக்கும் எங்களுக்கும் தெரியும். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தெரியாது. படத்தின் கீழே "கானகத்தின் அரசன்" என்றும் "வேட்டைக்குச் சற்று முன்" என்றும் எழுதியிருக்கிறது. இடத்தின் பெயர் இல்லை. இந்த வழக்கத்தை நீங்கள் நினைத்தால் நிறுத்த முடியும். அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

உயிரியல் பூங்காவில் படம் எடுப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் வண்டலூரில்தான் படம் எடுக்கப் பழகினேன், இன்றும் அங்கேதான் போகிறேன். கர்நாடகத்தின் கபினிக்கோ மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்கோ போய்த் தங்கி, ஜீப்புக்குப் பணம் கட்டி, புலி வருமா வராதா என்று காத்திருக்க எல்லோருக்கும் வசதி கிடையாது. கல்லூரி மாணவரும், கடையில் வேலை பார்ப்பவரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் மின்சார ரயிலில் வந்து இறங்கி, கேமராவுக்குத் தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக முடிகிற இடம் வண்டலூர். அங்கே கிடைப்பது சாதாரணப் பயிற்சி அல்ல. 400 மி.மீ. லென்ஸில் ஒரு சிங்கத்தின் முகத்தை நிறைத்துப் பாருங்கள். மேலுதட்டில் மீசை முளைக்கும் இடத்தில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். மேல் வரிசைப் புள்ளிகளின் அமைப்பு சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும்; ஆய்வாளர்கள் சிங்கங்களை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். கொட்டாவி விடும்போது நாக்கின் மேல் பின்னோக்கி வளைந்த முட்கள் தெரியும். புலி தலையைத் திருப்பினால் காதின் பின்புறம் கறுப்பின் நடுவே வெள்ளைத் திட்டு தெரியும். காட்டில் ஓடும் ஜீப்பிலிருந்து இவற்றைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? இப்படிப்பட்ட படத்தை எடுத்தவர் எடுத்த இடத்தை ஏன் மறைக்க வேண்டும்?

மறைக்க முடிவதற்கு ஒரு காரணம் பூங்காவின் அமைப்பு. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்கு இடம் மாறியபோது, பழைய கம்பிக் கூண்டுகளை விட்டுவிட்டு, திறந்த வெளியைச் சுற்றி அகழி வெட்டி விலங்குகளை வைத்தார்கள். 602 ஹெக்டேர் பரப்பில் மரமும் புதரும் வளர்ந்திருக்கின்றன. விலங்குகளுக்கும் பார்க்க வருபவர்களுக்கும் இது பெரிய நன்மை. ஆனால் படத்தின் ஓரத்தில் விழும் அகழிச் சுவரைச் சற்று வெட்டிவிட்டால் அதில் கம்பியும் இல்லை, கூண்டும் இல்லை. புதரோரம் நிற்கும் புலி முதுமலையில் நிற்பதுபோலவே தோன்றும். பூங்கா விலங்குக்காகச் செய்த ஏற்பாட்டை நாம் பொய்க்குப் பயன்படுத்துகிறோம்.

பொய் என்ற சொல் கடுமையாக இருக்கலாம். ஆனால் அந்த "வேட்டைக்குச் சற்று முன்" படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுகளில் ஒரு கண்காட்சியில் பரிசு பெற்ற படம் அது. தலையைத் தாழ்த்தி, ஒரு காலை முன்வைத்து, புலி நேராக நம்மை நோக்கி வருகிறது. ஒளியும் கூர்மையும் அருமை. அதன் காலடியைக் கவனித்தேன். புல் தேய்ந்து, மண் இறுகி, ஒரு முழ அகலத்தில் வழித்தடம் போட்டிருந்தது. சிறைப்பட்ட பெரும்பூனைகள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்து ஏற்படுத்தும் தடம் அது. உலகின் பல உயிரியல் பூங்காக்களில் காணப்படும் நடத்தை இது. இதைக் குறைக்கப் பராமரிப்பாளர்கள் மரக்கட்டை போடுகிறார்கள், உணவை ஒளித்து வைக்கிறார்கள், குளம் வெட்டுகிறார்கள். அப்படி ஒரு துயரத்தின் படத்துக்கு வேட்டை என்று பெயர் வைத்து, கைதட்டி, சான்றிதழும் கொடுத்தோம். உண்மையான தலைப்போடு வைத்திருந்தால் அந்த அரங்கிலேயே மிக முக்கியமான படமாக அது இருந்திருக்கும்.

இதில் அறிவியல் சிக்கலும் இருக்கிறது. வெள்ளைப் புலி காட்டில் வாழும் தனி இனம் அல்ல. 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதிக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியை வளர்த்து, பின்னர் அதன் மகளுடனேயே இணைசேர்த்துப் பெருக்கிய வழியில் வந்தவைதான் இந்தியப் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. அவற்றில் பலவற்றுக்கு மாறுகண் இருப்பதைக் கேமராக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்புகள் மாறிப் போவதால் வருவது அது. பலர் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, கண் நேராகத் தெரியும் பக்கவாட்டுப் படத்தைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். "அழிந்துவரும் அரிய இனம்" என்று கீழே எழுதுகிறார்கள். படிக்கும் பிள்ளை அதை நம்புகிறது.

கறுப்புப் பட்டைகள் தடித்து ஒன்றோடொன்று கலந்த புலிகள் காட்டில் இருப்பது ஒடிசாவின் சிம்லிபாலில் மட்டும். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2021இல் கண்டறிந்தபோது, அத்தகைய புலிகள் வண்டலூர்ப் பூங்காவிலும் இருந்ததைப் பதிவு செய்தார்கள். இடத்தின் பெயரில்லாமல் சுற்றும் ஒரு கரும்புலிப் படம் நாளை எந்தக் காட்டின் கணக்கில் சேரும்? சிங்கத்துக்கு இந்தியாவில் கிர் காடும் அதைச் சூழ்ந்த குஜராத் நிலப்பரப்பும்தான் வீடு. 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள். நம் பூங்காக்களில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் ஆசியச் சிங்கத்தையும் கலந்து வளர்த்ததால், கலப்பினங்கள் நிறைய உண்டு. காதை முழுக்க மூடும் பிடரியும், வயிற்றோரம் தோல்மடிப்பு இல்லாத உடலும் கொண்ட, ஆப்பிரிக்கச் சாயலுள்ள சிங்கத்துக்குக் கீழே "கிர்" என்று எழுதி வந்தால், நடுவர்கள் நிறுத்திக் கேட்க வேண்டாமா?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் நீலகிரிக் காட்டில் ஒரு ஒளிப்படக்காரர் வெளிர் நிறப் புலி ஒன்றைப் படம் எடுத்தார். வழக்கமான செம்மஞ்சள் நிறம் மங்கி, கிட்டத்தட்டப் பால் நிறத்தில் இருந்த காட்டுப் புலி. உலகெங்கும் காட்டுயிர் ஆர்வலர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் படம் சான்றாக நின்றதற்குக் காரணம், எடுத்த இடத்தையும் எடுத்தவரையும் நம்ப முடிந்தது. பொழுதுபோக்காகக் கேமரா தூக்கும் ஒருவரால் அறிவியலுக்குக் கொடுக்க முடிகிற மிகப் பெரிய கொடை அதுதான். பூங்காப் படங்களைக் காட்டுப் படங்களாக நாம் தொடர்ந்து உலவவிட்டால், அடுத்து ஒருவர் உண்மையாகவே அபூர்வமான ஒன்றைக் கண்டு படத்தோடு வரும்போது "இது எந்த ஜூவில் எடுத்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு இணைந்த புகழ்பெற்ற போட்டியில் 2009ஆம் ஆண்டுக்கான முதல் பரிசு, வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார், முடிவு மாறவில்லை. படம் இன்றும் அழகான படம்தான். ஆனால் அதை யாரும் இப்போது அழகுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை.

விதி ஏற்கெனவே இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்த வரையறை, காட்டுயிர்ப் பிரிவில் உயிரியல் பூங்கா விலங்குகளுக்கு இடமில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அறிவிப்புகளிலும் அந்த வரி சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. சரிபார்ப்பதுதான் இல்லை. சரிபார்ப்பது கடினமும் அல்ல. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்பைக் கேளுங்கள். அதோடு முன்னும் பின்னும் எடுத்த சில படங்களையும் கேளுங்கள். ஒரு படத்தில் அகழிச் சுவரை மறைக்கலாம். தொடர்ச்சியாகப் பத்துப் படங்களைப் பார்த்தால் எங்காவது சுவரோ தண்ணீர்த் தொட்டியோ பார்வையாளர் தலையோ வந்தே தீரும்.

அதைவிட முக்கியமாக, பூங்கா விலங்குகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு வையுங்கள். ஆறுதல் பரிசாக வேண்டாம். மற்றப் பிரிவுகளுக்கு நிகரான பரிசோடு, நிகரான சுவர் இடத்தோடு வையுங்கள். அந்தப் பிரிவு இல்லாததால்தான் எங்களில் பலர் இடத்தை மறைத்துக் காட்டுயிர்ப் பிரிவில் நுழைக்கிறார்கள். வாசல் இருந்தால் வேலி தாண்ட மாட்டார்கள்.

அந்தப் பிரிவில் படத்தோடு விலங்கின் பெயரையும் கேட்கலாம். காட்டில் ஒரு புலிக்கு எண் இருக்கும். பூங்காவில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரால் கூப்பிடும் பராமரிப்பாளர் இருக்கிறார். 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா தொற்றியபோது நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. பூங்கா மூடிக்கிடந்த நேரம். செய்தி வந்த அன்று, பழைய கோப்புகளைத் திறந்து தேடினேன். சிங்கப் படங்கள் ஏராளமாக இருந்தன. எது நீலா, எது பத்மநாதன் என்று ஒன்றிலும் குறிப்பில்லை. அருகில் இருந்த யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நம்மில் எத்தனையோ பேரிடம் அந்த இரு சிங்கங்களின் நல்ல படங்கள் பெயரில்லாமல் கிடக்கும்.

கேமராக்காரர்களின் நடத்தை பற்றியும் ஒரு வார்த்தை உங்கள் விதிகளில் வர வேண்டும். தூங்கும் சிங்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விசிலடிப்பதும் சுவரைத் தட்டுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சகஜமாகிவிட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும் சத்தமிட்டுத் தொந்தரவு செய்வதும் குற்றம். சிங்கம் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும் விலங்கு. அதன் தூக்கத்தைக் கெடுத்து வாங்கிய பார்வைக்குப் பரிசு இல்லை என்று நீங்கள் அறிவித்தால், காவலர்கள் சொல்லிக் கேளாதவர்களும் கேட்பார்கள்.

வரும் காட்டுயிர் வாரத்துக்கான அறிவிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் இவற்றைப் பரிசீலியுங்கள். தனிப் பிரிவுக்கான விதிகளை எழுதவும், வரும் ரா ஃபைல்களைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வண்டலூரில் சந்திக்கும் நண்பர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
வண்டலூரில் படம் எடுக்கும் ஒருவர்