ஜாவாவின் வல்ஹல்லா வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜாவா நிரல்மொழியை மேம்படுத்த 2014-இல் நீங்கள் தொடங்கிய வல்ஹல்லா வேலை, ஜெப் 401 என்ற முன்மொழிவில் தெளிவான உருவம் பெற்றிருக்கிறது. இந்த ஆப்ஜெக்டுக்குத் தனி அடையாளம் தேவையில்லை, அதன் மதிப்பே போதும் என்று கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) எழுதுபவரே 'வேல்யூ' என்ற ஒரு சொல்லில் அறிவித்துவிடலாம். அப்படி அறிவித்ததே வேல்யூ கிளாஸ். அந்த முடிவு பயன்படுத்துபவர் கையில் இல்லாமல் எழுதுபவர் கையில் இருப்பது மிகச் சரி.

இது எவ்வளவு அவசியம் என்பதற்கு, முழு எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் இன்டிஜர் கிளாஸே சாட்சி. இரண்டு இன்டிஜர் மாறிகளில் 127 வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை என்று வரும். 128 வைத்தால் பொய். காரணம், இரட்டைச் சமக்குறி இங்கே மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கிறது. -128 முதல் 127 வரை ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் தருகிறது. அதற்கு மேல் போனால் பொதுவாகப் புதிது புதிதாகப் படைக்கிறது. ஓர் எண்ணுக்கு 'நான் வேறு, அவன் வேறு' என்ற அடையாளம் எதற்கு? வேல்யூ கிளாஸில் இந்தக் குழப்பமே எழாது.

வேல்யூ கிளாஸின் ஃபீல்டுகளை (உள்ளே இருக்கும் தரவை) மாற்றக் கூடாது என்ற விதியையும் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். சி ஷார்ப் மொழியில் லிஸ்டிலிருந்து ஒரு ஸ்ட்ரக்டை (அங்குள்ள மதிப்பு வகை) மாறியில் எடுத்து அதன் எக்ஸை மாற்றினால் நகல்தான் மாறும். லிஸ்டில் இருப்பது அப்படியே கிடக்கும், எச்சரிக்கைகூட வராது.

இனி என் கோரிக்கை. எக்ஸ், ஒய் என இரண்டு இன்ட் (4 பைட் முழு எண்) கொண்ட ஒரு புள்ளி கிளாஸ். அதில் பத்து லட்சம் புள்ளிகளுக்கு ஓர் அரே. ஜாவா நிரலை இயக்கும் மென்பொருளான ஜேவிஎம்மில், இன்றைய வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட் வகையில், ஒவ்வொரு புள்ளிக்கும் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு) 4 பைட், ஹெடர் (ஆப்ஜெக்டைப் பற்றிய குறிப்பு) 12, தரவு 8, இட்டு நிரப்ப 4: மொத்தம் 28 பைட். உண்மையில் வேண்டியதோ 8 பைட். 2.8 கோடி பைட் எங்கே, 80 லட்சம் எங்கே!

ஆனால் கிளாஸை வேல்யூ என்று அறிவித்தால் மட்டும் அந்த 8 பைட் கிடைத்துவிடாது. புள்ளி 'நல்'லாகவும் (எந்த மதிப்பும் இல்லாத நிலை) இருக்கலாம் என்பதால் அதைக் குறிக்க ஒரு பிட் கூடுதலாக வேண்டும். 64 பிட் தரவோடு அது சேர்ந்தால் 65. ஒரே மூச்சில் படித்து எழுதக்கூடிய அளவு பல கணினிகளில் 64 பிட்தான். அதைத் தாண்டினால் ஒரு திரெட் (நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளில் ஒன்று) எழுதிய எக்ஸும் இன்னொன்று எழுதிய ஒய்யும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே ஜேவிஎம் மறுபடி ரெஃபரன்ஸுக்கே போகும். அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'நல்' நுழையாத வகையை மொழியில் எழுத வழி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதிலுள்ள சிக்கலும் தெரிந்ததே. 'நல்' இல்லாத அரேயில் முதலில் எதை நிரப்புவது? எல்லாம் பூஜ்ஜியம் என்றால் புள்ளிக்குப் பொருந்தும். தேதியைக் குறிக்கும் லோக்கல்டேட் கிளாஸுக்கு 0-ஆம் மாதம் 0-ஆம் தேதி என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது. சி ஷார்ப்பின் டேட்டைம் இதற்கு 1-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்கிறது. பிழையை மறைக்கும் ஏற்பாடு அது. ஜாவா அந்த வழியில் போக வேண்டாம். பூஜ்ஜியம் பொருள்படுமா என்பதைக் கிளாஸ் எழுதுபவர் சொல்லட்டும். சொல்லாத கிளாஸுக்கு அரே படைக்கும்போதே தொடக்க மதிப்பைக் கேளுங்கள். இரண்டு வரி கூடுதலாக எழுத நாங்கள் தயார்.

வேல்யூ கிளாஸ் முன்னோட்ட நிலையைக் கடந்து நிலைபெறும்போது, இந்த 'நல்' இல்லாத வகையும் கூடவே வர வேண்டும். அதுவரை எண்களைக் குவித்துக் கணக்கிடும் நிரல்களில் எக்ஸுக்கு ஓர் இன்ட் அரே, ஒய்க்கு ஓர் இன்ட் அரே என்று பிரித்தே எழுதிக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
ஜாவாவில் அன்றாடம் நிரல் எழுதும் ஒருவர்