யாருக்கோ வரவேண்டிய செய்திகள்

சுங்கை சிப்புட், மலேசியா
வியாழக்கிழமை இரவு

அன்பு மகன் ராஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்கிறாய். மூன்று ஞாயிறாக அதைத்தான் கேட்கிறேன். கடிதத்துக்கு நடுவில் “சரிம்மா” போட்டு என்னை நிறுத்த முடியாது அல்லவா.

உன்னிடம் ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். தீபாவளிக்கு வந்தபோது, “பழசுதான், செய்தி படிக்க ஆகும்” என்று ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றி. நன்றாகத்தான் வேலை செய்கிறது. காலையில் பசியாறிவிட்டுத் திறப்பேன். தேடுகிற கட்டத்துக்குக் கீழே படமும் தலைப்புமாகச் செய்திகள் நிற்கும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. அடுத்த வருஷம் அப்பா. அதன் பிறகு என் காலை வேளை மொட்டையாகத்தான் கிடந்தது. வேறு பேப்பர் வாங்க டவுனுக்கு நடக்க வேண்டும், என் முழங்காலைத்தான் உனக்குத் தெரியுமே. ஆகவே நீ கொடுத்தது நல்ல காரியம். அதில் குறை சொல்லவில்லை.

ஆனால் அதில் வருவது எனக்குரிய செய்தி இல்லை. முதலில் மோட்டார் சைக்கிள் டயர், காற்பந்து, சிங்கப்பூர் வீட்டு வாடகை என்று வந்தது. எனக்கு எதற்கு டயர்? பரவாயில்லை என்று அதையும் படித்தேன். பொங்கலுக்குப் பிறகு செய்தியின் குணம் மாறிவிட்டது. தைப்பூசத்துக்கு நீ வரவில்லை. சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் எந்த வருஷமும் நீ லீவு போட்டு வராமல் இருந்ததில்லை. அந்த வாரம்தான் அந்தத் தலைப்பு வந்தது.

எல்லாம் ஆங்கிலம். தமிழில் மாற்றித் தருகிறேன் என்று கீழே ஒரு பொத்தான் கேட்கும், அழுத்தினால் மாறும். “நீங்கள் விடப்படும்போது முதலில் செய்ய வேண்டியவை” என்று வந்தது. எங்கே விட்டார்கள், பஸ்ஸிலா, பள்ளிக்கூட வாசலிலா? இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் மகன் ஈப்போவில் கணினி படிக்கிறானே, அவன்தான் ஆங்கிலத்தில் வைத்துப் படித்துவிட்டு, “பாட்டி, இது வேலையிலிருந்து நிறுத்துவதைச் சொல்கிறது” என்றான். நிறுத்துவதை நிறுத்துவது என்று எழுதினால் என்ன? எங்கள் காலத்தில் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இது வருகிறது என்று அவனையே கேட்டேன். மேல் மூலையில் உன் முகம் வட்டமாக இருக்கிறதல்லவா, கல்யாணத்தன்று எடுத்தது, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு. நீ என் நினைவுக்காக அதை வைத்துவிட்டுப் போனாய் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தினம் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். “அது மாமாவின் கணக்கு பாட்டி, எடுக்க மறந்துவிட்டார். அவர் தம் போனில் எதைத் தேடுகிறாரோ, எதைத் தொட்டுப் படிக்கிறாரோ, அதை வைத்து இங்கேயும் செய்தி வரும்” என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு ஒரு தம்ளர் மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

அவன் நல்ல பிள்ளை, நிறையச் சொன்னான். இந்த மாதிரிப் பொருளுக்கு உலாவி என்று பெயராம். வெறுமனே கதவைத் திறந்துவிடுகிற வேலைதான் அதற்கு இருந்ததாம், இப்போது வாசலிலேயே செய்தி விரித்து வைக்கிறது. கூகுள்காரர்கள் அந்த வரிசைக்கு 2018-இல் டிஸ்கவர் என்று பெயர் வைத்தார்களாம். மைக்ரோசாப்டின் எட்ஜில் எம்எஸ்என் செய்தி வரும். அதுதான் கோயில் கமிட்டிக் கணினியில் தலைவர் கணக்குப் பார்க்கத் திறந்து நடிகை கல்யாணத்தில் போய் நிற்கிறார். ஃபயர்ஃபாக்ஸ் என்று இன்னொன்று. அதைச் செய்கிறவர்கள் 2017-இல் பாக்கெட் என்ற சேவையை விலைக்கு வாங்கி அதிலிருந்து கட்டுரைகள் காட்டினார்களாம், 2025 ஜூலையில் அந்தச் சேவையை மூடிவிட்டார்களாம். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது என்றான். எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே கட்டுப் பேப்பரைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதில் எந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுவது என்பது வீட்டுக்குள்ளேயே தீர்மானமாகும், நீ என்ன படித்தாய் என்பது வெளியே போகாது. மரியாதையான ஏற்பாடுதான்.

ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிறது. அதைத் தொட்டால் ‘ஆர்வமில்லை’ என்று சொல்லலாம் என்று காட்டிக்கொடுத்தான். நான் சொல்லவில்லை. எனக்கு ஆர்வம் இருந்தது. ஒன்றையும் விடாமல் தொட்டுத் தொட்டுப் படித்தேன். சேமிப்பு எத்தனை மாதத்துக்கு இருக்க வேண்டும், வேலை அனுமதிச் சீட்டு என்னவாகும், வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது, எல்லாம். இப்போது அதைத் தவிர வேறு வருவதில்லை. “நீங்கள் தொடத் தொட அது இன்னும் கொடுக்கும் பாட்டி” என்கிறான். அப்படியானால் இத்தனையும் நான் இழுத்துவிட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம் அல்லவா? நான் தொட்டதால் வந்தது, உனக்கும் அதற்கும் ஒன்றும் இல்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் தலைப்பு இருக்கிறதே, அதை நான் தொடாமல்தான் வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளின் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதே. யாரிடமும் கை நீட்டாதே, நீட்டுவதாக இருந்தால் முதலில் என்னிடம் நீட்டு. சங்கத்தில் என் பேரில் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது, நீ மாதாமாதம் அனுப்பியதுதான், தொடவில்லை. இந்த மாதம் அனுப்பிய பணமும் தேதி தவறாமல் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ எப்போதும் இரண்டு மூன்று நாள் தாமதமாக அனுப்புகிறவன். தோட்டத்து லயத்து வீடுகள் மூன்று வரிசையிலும் முதலில் டிப்ளோமா வாங்கியவன் நீ, உன்னை யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்ல நான் விட்டதில்லை. சென்ற வாரம் உன் சித்தப்பா, “என்ன, தைப்பூசத்துக்குக்கூடக் காணோம், பெரிய மனுஷனாகிவிட்டான்” என்றார். ஆமாம், ஆகிவிட்டான் என்றேன். யாரிடமும் கை நீட்டாதே. நகையைத் தொடாதே.

பழைய ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் வாசலில் நான் பேப்பர் படித்ததை நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். ஆறாம் வகுப்புப் படித்த பால்வெட்டுக்காரி, பால் நிறுத்து முடிகிறவரை அத்தனை பெண்களையும் உட்காரவைத்து உலகச் செய்தி படித்துக் காட்டினாள் என்று உன் கல்யாணத்தில் மைக்கிலேயே சொன்னாய். அன்று நான் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தீர்கள். அது வெட்கம் இல்லை.

தோட்டம் கைமாறிய வருஷம். ஒரு நாள் பழசான பேப்பரைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர் கிராணிதான் என்னிடம் கொடுப்பார். அன்று உள்பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, “இதை விட்டுவிடு, வீண் குழப்பம்” என்றார். வேறொரு தோட்டத்து ஆட்கள், வீடு தராமல் லயத்தைக் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்து வீட்டை வாங்கிவிட்ட செய்தி. புதுக் கம்பெனியில் அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை என்று முந்தின நாள்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நான் விட்டுவிட்டேன். மழை நிலவரமும் சினிமாச் செய்தியும் படித்தேன். மூன்றாம் லயத்துப் பெரியம்மா பால் சுமக்கிற காண்டாவாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, “வேறொன்றும் இல்லையா?” என்று கேட்டார். வேறொன்றும் இல்லை என்றேன். அடுத்த வாரம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். பெரியம்மா கடைசியில் எங்கே கிடந்தார் என்பது உனக்குத் தெரியும், நீயும்தான் அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். அப்பாவுக்கு லாரி கிடைத்தது. உன் படிப்பு அந்த லாரிச் சம்பளம்.

அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. இன்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், ராஜா. நானே அந்தக் குரலில் படித்தவள். உன் “சரிம்மா”வில் அது கேட்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிற நாளில் சொல், இல்லையென்றால் வேண்டாம்.

டீச்சர் மகன் அந்தக் கணக்கை எடுத்துவிடட்டுமா, உங்கள் பேரிலேயே புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன், கோயில் செய்தியும் சமையலும் வரும் என்றான். எடுத்தால் மூலையில் இருக்கும் முகமும் போய்விடுமா என்று கேட்டேன். போய்விடும் என்றான். இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அது சங்கடம் என்றால் நீயே அங்கிருந்து எடுத்துவிடு, எடுக்க முடியுமாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முன்னறை மின்விசிறியைச் சரி பண்ணியாகிவிட்டது. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன், டவுனில் சீனர் கடையில், 280 வெள்ளி சொன்னார், 250-க்கு முடித்தேன். பாப்பாவுக்குப் பக்கத்தில் போடச் சின்ன மெத்தை ஒன்றும் அங்கே இருக்கிறது, பூப்போட்ட உறையோடு. சனிக்கிழமைவரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை வாங்கட்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு
அம்மா