லாபக் கணக்கில் நாயையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். தீவனத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கிலோ இந்த விலைக்குப் போனால் கையில் நிற்பது இவ்வளவு என்று கணக்கெல்லாம் அழகாக இருக்கிறது. அந்தக் கணக்கில் நாய் மட்டும் வருவதேயில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கும் எங்களுக்கு, கழிச்சல் நோயில் போகிற கோழியைவிட நாய் வாயில் போகிற கோழிதான் அதிகம்.

கழிச்சலுக்காவது வழி இருக்கிறது. பிப்ரவரி வந்தால் கால்நடைத் துறையின் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. ஏழைப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் 40 குஞ்சுகள் தரும் திட்டம் வந்தது. கோழி வளர்ப்புக்கென்றே ஓசூர் மத்திகிரியில் ஒரு கல்லூரி இருக்கிறது. இத்தனையும் இருந்து, குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வரும் நேரத்தில் ஒரு விடியற்காலை நாய்கள் புகுந்தால் எல்லாம் போச்சு.

கோழிக்கு எதிரிகள் நிறைய. கீரி பகலிலேயே வந்து குஞ்சையும் முட்டையையும் தூக்கும். மரநாய் ராத்திரியில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி ஒன்றிரண்டின் கழுத்தைக் கடித்துவிட்டுப் போகும். ஓடுகூட மிச்சமில்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பைச் சந்தேகிக்கலாம். இதெல்லாம் வயிற்றுக்காக வருகிறவை. தாயாதிப் பங்கு போகட்டும் என்பார் என் மாமியார். நாய் அப்படியில்லை. கூட்டமாக வரும். கோழி பயந்து படபடவென்று அடித்துக்கொண்டால் அதற்கு இன்னும் வெறி ஏறும். துரத்தித் துரத்திக் கடித்துப் போட்டுவிட்டு, பாதியைத் தின்னாமலே போய்விடும். போன ஆடியில் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவலும் இப்படித்தான் போனது. சாமியிடம் நாயைக் காரணம் சொல்ல முடியுமா? ஞாயிற்றுச் சந்தையில் வேறு சேவல் வாங்கினோம். ஆடி மாதத்தில் சேவல் என்ன விலைக்கு விற்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த நாய்களை வளர்ப்பதே நாம்தான் என்பேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஞாயிறு இரவானால் கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக வந்து விழுகிறது. குடலும் தலையும் தின்று பழகிய நாய், வியாபாரம் மந்தமான நாட்களில் எங்கே போகும்? எங்கள் புழக்கடைக்குத்தான் வரும். அதோடு, வருவதெல்லாம் தெருநாயும் இல்லை. கழுத்தில் பட்டை கட்டிய நாய்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. பகலெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு ராத்திரியில் அவிழ்த்துவிடுகிறார்கள். கேட்டால், “எங்க நாய் அப்படிப் பண்ணாதுங்க” என்று பதில்.

பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அது உள்ளாட்சியின் பொறுப்பு. சரி, செய்யட்டும். ஆனால் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு வண்டி வந்து நான் பார்த்ததில்லை. வந்தாலும் குட்டிகள் பெருகுவதுதான் குறையும். கருத்தடை செய்த நாயும் கோழி பிடிக்கும். இன்னும் சிலர் கறியில் பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைப் பிசைந்து வைக்கிறார்கள். அதில் காக்கை சாகும், கீரி சாகும், பக்கத்து வீட்டு நாய் சாகும். கோழியே கொத்தித் தின்றாலும் போச்சு. சட்டப்படியும் குற்றம், கீரியும் மரநாயும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை.

ஆகவே நல்ல கூண்டுதான் வழி. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் “கோழிவலை அடியுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய வலையை நாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ்தான் தாங்கும். அதைவிட முக்கியம் தரை. நாய் மண்ணைப் பறித்துக்கொண்டு அடியில் நுழையும், பெருச்சாளியும் அப்படித்தான். மெஷ்ஷை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் பலகைக்கல் பதிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? உடைந்த துண்டுகளே போதும். கொடாப்பு என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது பகலில் குஞ்சுகளுக்குச் சரி. ராத்திரியில் இரண்டு நாய்கள் சேர்ந்து முட்டினால் உருண்டுவிடும். பருந்துக்காக, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் கிழிந்த வலை வாங்கி மேலே கட்டியிருக்கிறோம். முருங்கையில் ஏறி அடைந்து பழகிய கோழிகளை உள்ளே வரவைப்பது தனிப் பாடு. பொழுது சாயும்போது கம்பையோ சோளத்தையோ கூண்டுக்குள்ளேயே போட்டுப் பழக்க வேண்டும். அப்புறம், காலையில் நன்றாக வெளுத்த பிறகே திறக்க வேண்டும்.

இப்படி ஒரு கூண்டு கட்டினால் கோழியைவிடக் கூண்டுக்கு அதிகம் ஆகிறது. எங்கள் ஊரில் மானியக் குஞ்சு வாங்கியவர்கள் கைக்காசில்தான் கட்டினார்கள், கட்ட முடியாதவர்களின் குஞ்சுகள் நாய்க்குப் போயின. மெஷ்ஷுக்கும் மானியம் கிடைத்தால் குஞ்சுக்குச் செலவிட்ட அரசுப் பணமாவது மிஞ்சும்.

நாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்கு அரசு இழப்பீடு அறிவித்தபோது ஆடு மாடுகளோடு கோழியையும் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆடு செத்தால் உடல் கிடக்கும், டாக்டர் பார்த்து எழுதித் தரலாம். கோழியை நாய் கவ்விக்கொண்டு போனால் மிஞ்சுவது ஒரு கைப்பிடி இறகு. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? போட்டோ எடுத்தால் போதுமா, எத்தனை நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் புண்ணியமாகப் போகும். அப்படியே ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் ஏரிக்கரைக்கும் வந்து படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.