கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் என்னருகே அமர்ந்த அம்மாவுக்கு

நிச்சயித்த திருமணம் முறிந்த மறுநாள், தருமபுரிப் பேருந்தையும் தவறவிட்டு அழுதுகொண்டிருந்த என்னிடம் காரணம் எதுவும் கேட்காமல், மாம்பழக் கூடையை நகர்த்திவிட்டு அருகில் அமர்ந்த அம்மாவுக்கு இந்த நன்றி. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரம் கிழிந்த வேதாகமத்தில் புலம்பல் 3ஆம் அதிகாரத்தின் 22, 23 வசனங்களை விரலால் காட்டினீர்கள். அந்தப் பக்கத்தில் மாம்பழச் சாற்றின் மஞ்சள் கறை படிந்திருந்தது. கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்னும் அவ்வரிகள், கி.மு. 586 அளவில் எருசலேம் அழிந்த துயரத்திலிருந்து எழுந்தவை என்பதைப் பின்னரே அறிந்தேன்; எல்லாம் நலமாயிருந்த ஒருவர் எழுதியிருந்தால் அவை என் மனத்தில் ஒட்டியிருக்காது.

"அழுதுடு கண்ணு, ஆண்டவர் கைவிட மாட்டார்" என்றீர்கள். அழாதே என்று சொல்லாதவர் அன்று நீங்கள் ஒருவர்தான். மாதக்கணக்கில் வாய் திறக்காதிருந்த நான் இப்போது ஞாயிறு ஆராதனையில் மீண்டும் பாடுகிறேன். உங்கள் பெயரைக் கேட்கவில்லை. மடியில் வைத்த இரண்டு பெங்களூரா மாம்பழங்களுக்குக் காசும் தரவில்லை.