வியாபாரி வேஷத்தில் வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய ஆசியாவில் பிரிட்டனும் ரஷ்யாவும் மோதிக்கொண்டது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாக இருந்தது, சரி. ஆனால் கதையை 1830-களில் தொடங்குகிறார் கட்டுரையாளர். அதற்கு முன்பே, 1810-இல், பம்பாய்ப் படையின் இளம் அதிகாரிகள் இருவர் பலுசிஸ்தானுக்குள் புகுந்துவிட்டார்கள். ஒருவர் சார்லஸ் கிறிஸ்டி. மற்றவர் ஹென்றி பாட்டிஞ்சர், வயது 20. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் தூக்கத்தைக் கெடுத்தது நெப்போலியன். 1807-இல் அவர் பாரசீகத்தோடு ஒப்பந்தம் போட்டதும், தரைவழியே இந்தியாவுக்குப் படை வர முடியுமா என்று வேவு பார்க்க ஆள் தேவைப்பட்டது.

குதிரை வியாபாரியின் ஆட்கள் என்று சொல்லிப் பலுசிஸ்தானின் கலாத் நகரில் தங்கினார்கள். நுஷ்கி என்ற ஊரில் பிரிந்து கிறிஸ்டி ஆப்கானிஸ்தானின் ஹெராத்துக்கும், பாட்டிஞ்சர் மேற்கே பாலைவனத்துக்கும் போனார்கள். அங்கே செம்மணல் 10 முதல் 20 அடி உயரத்துக்கு அலையலையாக நின்றதாம். ஒரு பக்கம் செங்கல் சுவர்போலச் செங்குத்து. ஒட்டகங்கள் உச்சிக்கு ஏறியதும் முழங்காலை மடித்து, சரியும் மணலோடு சேர்ந்தே மறுபுறம் இறங்கியிருக்கின்றன. அப்புறம் பாட்டிஞ்சருக்கு மெக்கா யாத்திரிகர் வேஷம். வழியில் ஒரு சிறுவன், போன வருஷம் வந்த வெள்ளைக்காரர் கிராண்ட்டுக்கு நீங்கள் அண்ணன் தம்பியோ என்று கேட்டு அவரைக் கதிகலங்க வைத்துவிட்டான்! கடைசியில் பாரசீகத்தின் இஸ்ஃபஹானில் நண்பர்கள் இருவரும் சந்தித்தபோது ஒருவரை ஒருவர் உடனே அடையாளம் தெரியவில்லை.

இதையெல்லாம் 'சாகசம்' என்று மட்டும் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. துணிச்சலை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போனது உளவுக்கு. தங்க இடம் கொடுத்த கலாத்தை 1839-இல் பிரிட்டிஷ் படை தாக்கிப் பிடித்தது. கலாத்தின் தலைவர் மெஹ்ராப் கான் சண்டையில் மாண்டார். கட்டுரையில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

கிறிஸ்டி 1812-இல் அஸ்லாந்தூஸ் போரில் பாரசீகப் படையோடு நின்று ரஷ்யர்களிடம் உயிரை விட்டார். அதற்குள் பிரிட்டனும் ரஷ்யாவும் நெப்போலியனுக்கு எதிராகக் கைகோத்திருந்தன என்பது வேடிக்கை. பாட்டிஞ்சரோ ஹாங்காங்கின் முதல் ஆளுநராகி, 1848 முதல் 1854 வரை நம் சென்னை மாகாணத்தையே ஆண்டார். அந்த ஆறு வருஷத்தைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

— ஒரு வாசகர், திருச்சி